ஐந்தருவிக்குப் போன டப்பா

என் கல்லூரித் தோழி சென்னையிலிருந்து போன் செய்து, குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் பாத்துக்கோடி. எங்க பாப்பாவுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாதுன்னா சும்மா வயித்துவலி மாதிரி இல்ல. தொண்டை அடைச்சிரும். சின்னதுல ஒரு தடவை ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்திருக்கோம்."

"நீ கவலையே படாத. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்ததும் அடுக்களையைத்தான் திரும்பிப் பார்த்தேன். தென்காசியில் எங்கள் வீட்டுச் சமையலில் கடலை இல்லாத நாளே கிடையாது. தாளிப்பது கடலை எண்ணெய். இட்லிக்குக் கடலைச் சட்னி. கத்தரிக்காய்க் குழம்புக்குக் கடலைப்பொடி. சாயங்காலம் பிள்ளைகள் கொறிப்பது அவித்த கடலை. அவர்கள் வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் அடுக்களையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மிக்ஸி ஜாரின் ரப்பரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அப்படியும் மனசு கேட்காமல் அந்த ஜாரையே பரணில் தூக்கிவைத்தேன். கடலை எண்ணெயை எடுத்து ஒதுக்கிவிட்டுத் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். கடலை டப்பாவை அடுத்த வீட்டில் இருக்கும் என் மதினியிடம் கொடுத்துவிட்டேன்.

மதினி என் கணவரின் அக்கா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் காலையில் என் அடுப்பையும் அவர்தான் பாதி பார்த்துக்கொள்வார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வரப்போற புள்ளைக்குக் கடலை சேராதாம் மதினி. சட்னி கிட்னின்னு எதுலயும் போட்டிராதிய."

"சேராதுன்னா விட்டுருவோம். எங்க வீட்டு மூத்தவனுக்குக்கூட சின்னப்புள்ளையில வாழைப்பழம் சேராது. சளி புடிச்சிரும்" என்றார் மதினி.

தோழி ஐசியூ என்று சொன்னதை மதினியிடம் நான் சொல்லவில்லை. வாழைப்பழம், சளி என்று பேச்சு திரும்பியபோது, சரி, புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஏதாவது இனிப்புச் செய்துவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் எதை வாங்கினாலும் பயம். என் மகள்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கிரீம் பிஸ்கட்டைப் பொடித்து, பிசைந்து, உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்கிறார்கள். அடுப்பில் வேகவைக்கிற வேலையே கிடையாது. "ட்ரஃபிள்மா, ட்ரஃபிள்" என்று குதித்தாள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். மொத்தமே மூன்று பொருள். மூன்றும் பாக்கெட்டில் வருபவை. பாக்கெட்டில் எழுதியிருப்பதை வாசித்துவிடலாம்.

பஜாரில் ஒரு கடையில் நின்று பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். எழுத்துப் பொடி. போன் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது. நிறைய பாக்கெட்டில் 'கொட்டைப் பருப்புகள் கலந்திருக்கலாம்' என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"என்ன டீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்துத மாதிரி வாசிக்கிய?"

"ஒரு புள்ளைக்குக் கடலை ஆகாது அண்ணாச்சி."

"கடலை ஆகாத புள்ளையுமா உண்டு?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். கடைசியில் அந்த வரி இல்லாத ஒரு பிஸ்கட்டும், சமையல் சாக்லேட் கட்டி ஒன்றும், கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றும் கிடைத்தன. வீடியோவில் பிசைவதற்கு ஏதோ கிரீம் சீஸ் போட்டார்கள். அது தென்காசியில் நான் தேடிய கடைகளில் இல்லை. கண்டென்ஸ்டு மில்க்கே போதும் என்று முடிவு செய்தேன்.

அவர்கள் வருகிற சனிக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்தேன். மிக்ஸி கூடாது என்பதால் பிஸ்கட்டைக் கிரீமோடு ஒரு புது பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி உருட்டிப் பொடித்தேன். மகளும் மாற்றி மாற்றி உருட்டினாள். பொடி ஈரமண் போலக் கறுப்பாக வந்தது. அதில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றும்போது கை தவறிக் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. பிசையப் பிசைய விரலெல்லாம் அப்பிக்கொண்டதே ஒழிய உருண்டை பிடிக்க வரவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டும் தீர்ந்துபோயிற்று. மறுபடி பஜாருக்குப் போய் வாசிக்க வேண்டுமே என்று நினைக்கும்போது போன் அடித்தது. தோழியின் கணவர். கடையநல்லூர் தாண்டித் தென்காசிக்குத் திரும்பாமல் நேரே இலத்தூர் வரைக்கும் போய்விட்டார்களாம். எப்படி வருவது என்று கேட்டார். வழி சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. என் கணவர் தன் கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நானே கிளம்பினேன்.

"மதினி, இது எளகிப் போயிட்டு. அப்படியே பிரிட்ஜுல வச்சிருங்க. வந்து பாக்கேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"போய்ட்டு வாட்டி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

திரும்பி வந்தபோது தட்டு நிறைய உருண்டைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், பளபளவென்று. எனக்கு வாயெல்லாம் பல்.

"எப்படி மதினி உருட்டினிய? எனக்கு வரவே இல்லையே!"

"வராம எங்க போவுது?" என்று மதினியும் சிரித்தார். அதற்குள் காரின் கதவைச் சாத்திவிட்டு விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் மகள், ஏழு வயதுக்காரி, செருப்பைக் கழற்றி ஜோடியாக ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு நின்றாள். உருண்டைகள் பிரிட்ஜுக்குள் போயின. நான் போன பிறகு பிரிட்ஜில் வைத்ததும் மாவு இறுகியிருக்கும், மதினி உருட்டியிருப்பார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாக்லேட்டை உருக்கினேன். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். சாரல் காற்றுக்கு அடுக்களையே ஈரமாக இருந்தது. கிண்ணத்தின் அடியை நொடிக்கு ஒரு தரம் துடைத்தேன். உருண்டைகளை முள்கரண்டியில் ஏந்தி, முக்கி, தட்டித் தட்டி வடியவிட்டு, எண்ணெய்த் தாளில் வரிசையாக வைத்தேன். சின்னவள் மேடையின் விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இதுல நட்ஸ் இருக்கா?"

பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். அவளுக்கு அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இல்லடா தங்கம். ஒவ்வொரு பாக்கெட்டையும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

பக்கத்தில் நின்ற தோழி என் தோளைத் தட்டினாள். "பர்த்டே பார்ட்டிக்குப் போனாக்கூட எதையும் தொடமாட்டா. வேடிக்கை பாத்துட்டு வந்துருவா. இவளுக்காக யாருமே இப்படி மெனக்கெட்டதில்லடி" என்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

சாக்லேட் இறுகியதும் ஒரு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்ததும் பிள்ளைகள் பசிக்கிறது என்பார்கள், அப்போது கொடுக்கலாம் என்று பேச்சு. வழிகாட்ட என் மகளும் காரில் ஏறிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்காக நான் வீட்டில் இருந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு தட்டில் நான்கைந்து உருண்டைகள் மிச்சம் இருந்தன. மேல்பூச்சு வெடித்து, பார்வைக்கு நன்றாக இல்லாதவை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அதில் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் சாக்லேட். பிறகு பிஸ்கட். பிறகு நாக்கின் அடியில், எனக்குப் பிறந்ததிலிருந்து பழகிய ஒரு ருசி வந்தது. வறுத்த கடலை.

இருக்காது என்று நினைத்தேன். இரண்டாவதைப் பிட்டு மூக்கில் வைத்து முகர்ந்தேன். அதே வாசனை.

"மதினி!"

நான் கூப்பிட்ட விதத்தில் பயந்துபோய் அவர் பின்வாசல் வழியாக ஓடிவந்தார்.

"இதுல என்ன போட்டிய?"

"எதுல?"

"இந்த உருண்டையில. நேத்து நான் இலத்தூர் போயிருக்கையில."

"உருட்ட வரலேன்னு சொன்னேல்லா. கையில பிசினா ஒட்டுது. எங்க வீட்டுல கத்தரிக்காக் குழம்புக்குத் திரிச்ச பொடி இருந்துச்சு. ரெண்டு கை போட்டேன். தெரியாதுட்டி, நல்லா நைசாத்தான்..." பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "அது கொஞ்சூண்டுதானட்டி? சட்னி மாதிரி அள்ளியா திங்கப்போறா?"

"ஒரு துளி பட்டாலே அந்தப் புள்ளைக்கு மூச்சு அடைச்சிரும் மதினி."

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் போனை எடுத்தேன். தோழியின் போன் அடித்து அடித்து நின்றது. அவள் கணவருக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. குளிக்கப் போகிறவர்கள் போனைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டேன். 'கடலை இருக்கு, குடுக்காத' என்று செய்தி அனுப்பினேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் பிழையாகப் போயிற்று. போனது போனபடியே நின்றது, யாரும் பார்க்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். மதினி கட்டியிருந்த சேலையோடு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு நேரம் இல்லை.

சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். மேலகரம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு கார்களும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தண்ணீர் நன்றாக விழுகிற சமயம். நான் கார்களுக்கு நடுவிலும், ரோட்டோரச் சகதியிலும் வண்டியைச் செருகினேன். யாரோ திட்டினார்கள். ஒவ்வொரு நிமிடமும் என் மனசில் அந்த டப்பா திறந்துகொண்டிருந்தது. இப்போது குளித்து முடித்திருப்பார்கள். இப்போது தலை துவட்டியிருப்பார்கள். இப்போது என் மகள் டப்பாவை நீட்டி, "ட்ரஃபிள் சாப்பிடு" என்பாள். நட்ஸ் இருக்கிறதா என்று அந்தக் குழந்தை இனிமேல் கேட்கமாட்டாள். கேட்டாயிற்று. நான் பதிலும் சொல்லியாயிற்று.

"ஏட்டி, ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று மதினி என் முதுகில் கேட்டார்.

நான் ஹாரனை அழுத்தினேன். என் இடுப்பைப் பிடித்திருந்த அவர் கை இறுகிக்கொண்டே இருந்தது.

ஐந்தருவியில் கார் நிறுத்துகிற இடம் வழிந்தது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த கடைகளுக்கு முன்னால் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். வெள்ளைக் கார், சென்னை நம்பர். அப்படி எத்தனையோ கார்கள் நின்றன. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். மதினிதான் முதலில் பார்த்தார். "அந்தா!"

தோழியின் கணவர் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே சின்னவள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் டப்பா. மூடி திறந்திருந்தது.

"என்னங்க, நீங்களும் குளிக்க வந்துட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். "பாப்பாவுக்குத் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சுன்னு நான் முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டேன். குளிர் ஒத்துக்கல போல. உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. துவட்டி விட்டிருக்கேன், கொஞ்ச நேரத்துல அமுங்கிரும்."

குழந்தை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கழுத்திலும் கையிலும் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. கீழுதடு ஒரு பக்கமாக வீங்கியிருந்தது.

"அண்ணா, அதுல கடலை இருக்கு."

"எதுல?"

"உருண்டையில. தெரியாம கலந்துட்டு. எனக்கு இப்பத்தான் தெரியும். எத்தனை சாப்பிட்டா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "ரெண்டு" என்றார். பிறகு முன்சீட்டுக்குப் பாய்ந்து ஒரு பையை எடுத்து மருந்து பாட்டிலைத் திறந்தார். அதைக் குழந்தைக்கு ஊற்றியபடியே, "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ஏறுங்க, தென்காசிக்குள்ள நுழைஞ்சதும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, நான் சொல்லுதேன்."

அவர் அருவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தோழியும் என் மகளும் இன்னும் பெண்கள் குளிக்கிற இடத்தில் இருந்தார்கள்.

"நீங்க போங்கய்யா. நிக்காதீங்க. நான் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்" என்றார் மதினி. சொன்னவர் எங்கள் பதிலுக்குக் காத்திராமல் அருவியைப் பார்த்து நடந்தார்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வருகிற வண்டிகள்தான் நெருக்கியடித்து நின்றன, போகிற பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் விளக்கைப் போட்டு, ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் குழந்தை இருமத் தொடங்கினாள். வறட்டு இருமல். குரல் கம்மிப்போயிருந்தது. என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நட்ஸ் இல்லன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாடா. ஆன்ட்டிக்குத் தெரியல. இந்தா வந்துருச்சு, டாக்டர்கிட்ட போயிரலாம்."

என் மேலேயே வாந்தி எடுத்தாள். அதில் சாக்லேட்டின் கறுப்பைப் பார்த்ததும், இன்னும் எடு, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். குற்றாலம் முக்கில் வண்டி நின்றுபோனது. ஒரு போலீஸ்காரர் கோபமாக ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடி ஒரு வேனைப் பின்னுக்குத் தள்ளவைத்தார். அந்த இடைவெளியில் கார் புகுந்தது. மூச்சு விடும்போது அவள் நெஞ்சுக்குள் விசில்போல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அவள் அப்பா முன்னாலிருந்து, "பேசுறாளா? பேச்சுக் குடுங்க" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டேன். தோழிகளின் பெயரைக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

தென்காசிக்குள் நுழையும் இடத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே ஓடினார். நான் பின்னாலேயே "கடலை, கடலை அலர்ஜி" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பணியில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. மறுபேச்சுப் பேசாமல் தொடையில் ஒரு ஊசி போட்டார். முகத்தில் புகை வருகிற மாஸ்க்கைப் பொருத்தினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வராந்தாவில் நின்றேன். என் சேலையில் வாந்தி நாறியது. கதவு மேல்பாதி கண்ணாடி. பச்சைத் துணி மறைத்திருந்தது. உள்ளே இருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தவரை நிம்மதியாக இருந்தது. சத்தம் நின்றதும் பயமாக இருந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, "மூச்சு இப்ப பரவால்ல. வீக்கமும் இறங்குது" என்றார். "ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கணும். சில பேருக்கு அடங்கின மாதிரி அடங்கித் திரும்ப வரும். குளிர்னு நினைச்சு உக்காந்திருக்காம கூட்டிட்டு வந்தீங்களே, நல்லது." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோழி இறங்கி ஓடிவந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள். என் மகள் அழுதுகொண்டே வந்து என்னிடம் ஒட்டிக்கொண்டாள். கடைசியாக மதினி இறங்கினார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்திருந்தார்.

அருவியில் நடந்ததை என் மகள் பிறகு சொன்னாள். மதினிக்கு அருவி என்றால் பயம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் அருவிக்கு அடியில் நின்றதில்லை. எட்ட நின்று குடத்தில் பிடித்து ஊற்றச் சொல்வார். அன்றைக்குப் பெண்கள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, நேரே விழுகிற தண்ணீருக்குள் போயிருக்கிறார். தோழியின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. "மெட்ராஸ் புள்ளே! ஏ, மெட்ராஸ் புள்ளே!" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்தியிருக்கிறார். தோழியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்.

"நாந்தாம்மா கடலைப்பொடி போட்டேன். அவளுக்குத் தெரியாது. உன் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. வா, போவோம்."

குழந்தை தூங்க ஆரம்பித்த பிறகு தோழி வராந்தாவுக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

"உன் வார்த்தையத்தானடி நம்பினேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "அவ கேட்டா. நானும் பக்கத்துல நின்னேன். இல்லன்னு சொன்ன."

பெஞ்சின் ஓரத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்த மதினி எழுந்தார். "எம் மேலதாம்மா தப்பு. அவ பாவம், வாசிச்சு வாசிச்சுத்தான் வாங்கினா."

"தெரியும்மா. நீங்க அங்கயே சொல்லிட்டீங்க. உங்கள நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் தோழி. "இவகிட்டதான் கேக்குறேன். முந்தின நாள் உருட்ட வரலன்னு சொன்னியாமே. அப்புறம் எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டியா?"

நான் கேட்டேன், மதினி சிரித்தார், நீங்கள் உள்ளே வந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். "கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வரைக்கும் நாங்கள் அங்கேயே இருந்தோம். மதினியை வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றச் சொன்னேன், போகவில்லை. நர்ஸ் எத்தனை தடவை உள்ளே போய்வந்தாலும் அத்தனை தடவையும் அவர் எழுந்து நின்று, "எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார். உதட்டு வீக்கம் வடிந்து, தடிப்பு மறைந்து, குழந்தை எழுந்து உட்கார்ந்து தயிர்ச்சோறு வேண்டும் என்று கேட்டபோது, மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் தோழி நேராக அடுக்களைக்குப் போனாள். நான் கழுவி வைத்திருந்த குக்கரை எடுத்துத் தானே ஒருமுறை தேய்த்துக் கழுவி, தானே அரிசி வைத்தாள். நான் வாசல் நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர்கள் கிளம்பும்போது, வழிக்கு ஏதாவது கட்டித்தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்டி, நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். மென்மையாகத்தான் சொன்னாள்.

மதினி வழியனுப்ப வெளியே வரவில்லை. குழந்தைதான் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "பெரியம்மா, டாட்டா." யார் வீட்டுப் பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவர் மதினி. தன் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தார். வரிசையாக இருந்த டப்பாக்களைப் பார்த்தார். எதையும் தொடவில்லை. பின்பக்கம் போய்ப் பிச்சிப்பூவைப் பறித்து வந்து, அவசரமாகத் தொடுத்து அவள் தலையில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மதினி முன்போல் கைவைப்பதில்லை. குழம்பில் உப்புப் போடக்கூட, "போடவாட்டி?" என்று கேட்பார். "என்ன மதினி இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு?" என்றால், "கேட்டாத்தான் எனக்கு நல்லா இருக்கு" என்பார். எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை இருமினாலே கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிடும். தோழிக்குத் தினமும் செய்தி அனுப்பினேன். 'நல்லா இருக்கா' என்று இரண்டே வார்த்தை பதில் வரும். நான் எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன். நட்பு இத்தோடு சரி என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீடியோ கால் செய்தாள். போனை மேடையில் எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தாள். பின்னால் அவள் அடுக்களை.

"பாப்பா நச்சரிக்கிறா. அந்த உருண்டை வேணுமாம். பாதிதான் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சாம். எப்படிச் செய்யணும்னு சொல்லு."

"எதுக்குடி அது? வேற ஏதாவது செஞ்சு குடேன்" என்றேன்.

"இனிமே சாக்லேட்டப் பாத்தாலே பயப்படணுமா அவ? சொல்லுடி."

சொன்னேன். பாக்கெட்டைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னேன். அவள் காட்டினாள். பின்பக்கத்தையும் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையும் காட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தோம். கண்டென்ஸ்டு மில்க்கைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னேன். சத்தம் கேட்டு மதினி வந்து என் பின்னால் நின்றார். திரையில் மாவு பிசையப்படுவதைப் பார்த்தார்.

சாக்லேட்டில் முக்கிக் காயவைத்தபிறகு மறுபடியும் அழைத்தார்கள். சின்னவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். அம்மாவைப் பார்த்து, "நட்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாள் தோழி. அவள் கடித்தாள். வாயெல்லாம் கறுப்பாக, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினியின் கை என் தோளில் இறுகியது. போனை வைக்க மனசு வரவில்லை. சென்னையில் மழை உண்டா என்று கேட்டேன். அவள் கணவரின் வேலையைக் கேட்டேன். பாப்பாவின் ஹோம்வொர்க், புது டீச்சர், மாடியில் வைத்த செடி, ஒன்று விடாமல் கேட்டேன். தோழிக்கு நான் செய்வது புரிந்திருக்க வேண்டும். அவளும் போனை வைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு, நடுநடுவே கேமராவைத் திருப்பி, தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகளை எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.